மண் அணையைப் பார்வையிடுவது எப்படி: கசிவு முதல் வெள்ளக்கால நீர்திறப்பு வரை

கசியாத மண் அணை கிடையாது. கரையின் ஒரு பக்கம் முப்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தே தீரும். மண்ணை நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் வெளியே விடுவதற்காகத்தான் கரைக்குள் மணல் வடிகட்டி வைத்துக் கட்டுகிறார்கள். ஆகவே ஈரத்தைப் பார்த்ததும் பதறுவதும் பிழை. "இது எப்போதும் இருப்பதுதானே" என்று கடந்துபோவதும் பிழை. இதே நீர்மட்டத்தில் சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது, அப்போது என்ன நிறத்தில் வந்தது என்று உடனே சொல்ல முடிய வேண்டும். அணைப் பாதுகாப்பில் பாதி வேலை இந்தக் கேள்விக்குப் பதிவேட்டில் பதில் வைத்திருப்பது.

மண் அணைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் உடைகின்றன. வெள்ளம் கரைக்கு மேலே வழிந்து அரிக்கும். அல்லது கசிவு கரைக்குள்ளேயே மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி அரிக்கும். முதலாவதை ஷட்டரும் நீர்க்கணக்கும் தடுக்கின்றன. இரண்டாவதைத் தடுக்கக் கால்நடையாகப் போய்ப் பார்ப்பதைவிட நல்ல வழி இன்றும் இல்லை.

எப்போது போவது, என்ன எடுத்துப்போவது

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்பது குறைந்தபட்சம். இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் கேட்கிறது. வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பின்னும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் இந்த இரண்டு பெரிய ஆய்வுகளை மட்டும் நம்பக்கூடாது. அணை நிறைந்திருக்கும்போது வெளிப்பக்கச் சரிவு தன் குறையைக் காட்டும். வற்றியிருக்கும்போது நீர்ப்பக்கச் சரிவு காட்டும். இரண்டு நிலையிலும் போக வேண்டும். சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை கசிவை அளந்தால் போதும். முழு மட்டத்தை நெருங்கும்போது தினமும், வெள்ளம் ஓடும்போது மணிக்கொருமுறையும் அளக்க வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் டேப், விரல் பருமனுள்ள ஒரு மீட்டர் இரும்புக் கம்பி, நிறமற்ற கண்ணாடி பாட்டில்கள், அளவு தெரிந்த பத்து லிட்டர் வாளி, ஸ்டாப்வாட்ச், டார்ச், மரக்குச்சிகள், பெயின்ட், முன்பு எடுத்த படங்களும் பதிவேடும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டுப் போனால் மற்றவற்றுக்குப் பயன் குறைவு. கிளம்பும் முன் பதிவேட்டின் தலைப்பில் தேதி, நேரம், அணையின் நீர்மட்டம், கடந்த இரண்டு நாள் மழை ஆகியவற்றை எழுதுங்கள். மட்டம் எழுதாத கசிவு அளவு வெறும் எண். அதை எதனுடனும் ஒப்பிட முடியாது.

நடக்கும் முறை

கரையின் உச்சியில் வண்டியில் போய்த் திரும்புவது ஆய்வாகாது. உச்சியின் ஓரமாக ஒரு நடை, வெளிப்பக்கச் சரிவின் நடுவே ஒரு நடை, அடிவாரத்தில் ஒரு நடை, நீர்ப்பக்கத்தில் தண்ணீர் விளிம்பை ஒட்டி ஒரு நடை. உயரமான கரையில் சரிவுக்கு இரண்டு மூன்று நடை தேவைப்படும். எந்த இடமும் உங்கள் பாதையிலிருந்து ஐந்தாறு மீட்டருக்கு மேல் விலகி இருக்கக்கூடாது. ஒரு திசையில் நடந்தபோது தெரியாத புடைப்பு எதிர்த்திசையில் வரும்போது தெரியும். காலை, மாலை சாய்வெயிலில் சிறு பள்ளமும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். உச்சி வெயிலில் அதே இடம் சமமாகத் தோன்றும்.

உச்சியில் நின்று கைப்பிடிச் சுவரையோ சாலையோரத்தையோ ஒரு கண்ணை மூடி நேர்கோட்டில் பாருங்கள். வளைந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் புலப்படும். உச்சியில் ஓர் இடம் அரை அடி தாழ்ந்திருந்தால் வெள்ளம் வழியத் தொடங்கும் இடம் அதுதான். மொத்தக் கரையின் பாதுகாப்பு உயரம் அந்தத் தாழ்ந்த இடத்தின் உயரமே. ஆண்டுக்கொருமுறை நிலையான குறியீட்டுக் கற்களிலிருந்து மட்டம் எடுத்துப் பதிய வேண்டும்.

கரை மலையோடு சேரும் இரண்டு முனைகள், கரைக்குள் குழாய் போகும் இடம், கான்கிரீட் சுவரும் மண்ணும் சந்திக்கும் இடம் ஆகியவற்றுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். கட்டும்போது உருளையால் நன்றாக இறுக்க முடியாத இடங்கள் இவை. குறிப்பாக மதகுக் குழாயைச் சுற்றிய மண். குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணைத் திணிப்பது கடினம். அந்த இடைவெளியே தண்ணீருக்குப் பாதையாகிறது. பழைய அணைகளில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் போட்டுக் கசிவைத் தடுக்கப் பார்த்தார்கள். அந்த வளையங்களைச் சுற்றியும் மண் சரியாக இறுகவில்லை. இப்போது குழாயின் வெளிமுனைப் பக்கம் சுற்றிலும் மணல் வடிகட்டி வைப்பதே ஏற்கப்பட்ட முறை. குழாய் வெளியேறும் இடத்தில், மதகு மூடியிருக்கும்போது குழாயின் வெளிப்புறத்தை ஒட்டித் தண்ணீர் வந்தால் அன்றே பொறியாளருக்குத் தெரிய வேண்டும். குழாய் உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் இதே கதைதான். கரை மண் குழாய்க்குள் விழுந்து போய்க்கொண்டே இருக்கும், மேலே உச்சியில் திடீரென்று பள்ளம் தோன்றும்.

கசிவைப் படிப்பது

முதலில் இடம். வெளிப்பக்கச் சரிவின் அடியில் வடிகாலுக்குள் வரும் நீர் எதிர்பார்த்தது. சரிவின் நடுவயிற்றில் வரும் நீர் எதிர்பார்க்காதது. கரைக்குள் நீர்க்கோடு, அதாவது ஊறிய நீரின் மேல்மட்டம், உயர்ந்துவிட்டதன் அடையாளம். புல் மற்ற இடங்களில் காய்ந்திருக்க, ஒரு பட்டையில் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கி ஈரத்தோடு வந்தால் நாலு மூலையிலும் குச்சி நட்டு, பெயின்ட் அடித்து, நீள அகலத்தை எழுதுங்கள். அடுத்த வாரம் ஈரம் குச்சியைத் தாண்டியிருக்கிறதா என்பதே தகவல்.

அடுத்தது அளவு. சிறு ஊற்றுக்கு வாளியும் ஸ்டாப்வாட்சும் போதும்: பத்து லிட்டர் வாளி 25 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 24 லிட்டர். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அடிவார வடிகால்களைச் சேர்த்து ஒரு வாய்க்காலில் விட்டு, அங்கே வி-நாட்ச் பலகை (மேல்விளிம்பில் V வடிவ வெட்டுள்ள தடுப்பு) பொருத்துவது நிரந்தர ஏற்பாடு. 90 பாகை வெட்டுள்ள பலகையில், வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் 2.5 அடுக்கை 1.38-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். 5 செ.மீ. உயரத்துக்கு விநாடிக்கு சுமார் 0.77 லிட்டர், 10 செ.மீ.க்கு 4.4 லிட்டர், 15 செ.மீ.க்கு 12 லிட்டர். 10 செ.மீ.யை 11 என்று தவறாகப் படித்தால் கசிவு கால் பங்குக்கு மேல் கூடிவிட்டதாகக் கணக்கு காட்டும். அதனால் அளவுகோல் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும்.

வி-நாட்ச் பொய் சொல்லும் விதங்கள் பல. உயரத்தை வெட்டின் வாயிலேயே வைத்துப் படிப்பது முதல் தவறு. அங்கே தண்ணீர் ஏற்கெனவே சரிந்து விழத் தொடங்கிவிடும். நீர் உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் பின்னால் அளவுகோல் இருக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் வண்டல் சேர்ந்தாலும், வெட்டின் விளிம்பில் பாசி படிந்தாலும், விழும் நீரின் கீழே காற்று புகாமல் ஒட்டிக்கொண்டாலும் அளவு பிசகும். மழைநீர் அதே வாய்க்காலில் கலந்தால் அன்றைய அளவை "மழை கலந்தது" என்று குறியிட்டு ஒதுக்குங்கள். பின்னால் சேர்ந்த வண்டலை அள்ளும் முன் எவ்வளவு, எப்படிப்பட்ட மண் என்று பார்த்து எழுதுங்கள். பலகைக்குப் பின்னால் புதிதாக மெல்லிய மண் சேர்ந்திருந்தால் அது மேலேயிருந்து அடித்துவந்ததா, கரைக்குள்ளிருந்து வந்ததா என்று தீர்மானிக்காமல் திரும்பக்கூடாது.

மூன்றாவது நிறம். கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தேதியும் மட்டமும் எழுதி ஒட்டி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்த மண்ணின் தடிமனைப் பாருங்கள். துருநிறச் சளி போன்ற படிவு பெரும்பாலும் இரும்பு உண்ணும் பாக்டீரியாவால் வருவது. வடிகாலை அடைக்கும், ஆனால் மண் போகிறது என்று அர்த்தமில்லை. சாம்பல் அல்லது பழுப்பு நிறக் கலங்கல், கரையின் மண் நிறத்தோடு ஒத்திருந்தால் கரை உள்ளே அரிக்கப்படுகிறது.

கசிவு திடீரென்று குறைந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். நீர்மட்டம் குறையாமல் கசிவு மட்டும் குறைந்தால் வடிகால் அடைத்துக்கொண்டிருக்கலாம். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது கரைக்குள் நீரழுத்தத்தைக் காட்டும் பீசோமீட்டர் அளவுகளை எடுத்துப் பாருங்கள். அவை உயர்ந்திருந்தால் சந்தேகம் உறுதி.

பதிவுகளை வரைபடமாக்கும்போது தேதியைக் கிடைமட்டத்தில் போடுவது வழக்கம். அதோடு இன்னொரு வரைபடமும் வேண்டும்: கிடைமட்டத்தில் நீர்மட்டம், செங்குத்தில் கசிவு. ஆரோக்கியமான அணையில் ஒவ்வோர் ஆண்டின் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே பட்டைக்குள் விழும். இந்த ஆண்டுப் புள்ளிகள் மட்டும் பட்டைக்கு மேலே ஏறத் தொடங்கினால், கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதே அணை பேசத் தொடங்கிவிட்டது.

இதில் தாமதத்துக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை சாட்சி. சுமார் 93 மீட்டர் உயர மண் அணை. முதல் முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5 காலை ஏழு மணிக்கு மேல் கலங்கல் கசிவைக் கண்டார்கள். ஓட்டையை மூடப் போன புல்டோசர்களை அந்த ஓட்டையே விழுங்கியது. நண்பகலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். முதல் நிரப்பலைப் படிப்படியாகச் செய்து, ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் நிறுத்தி, கசிவையும் பீசோமீட்டரையும் பார்த்த பிறகே மேலே போக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தவே கூடாது.

வெடிப்பு, சரிவு, மரம், எலி

வறட்சியில் உச்சியில் வலைபோல விழும் மேலோட்டமான வெடிப்புகள் பொதுவாகப் பெரிய விஷயமல்ல. கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு மண் அமர்வதாலோ சரிவு நழுவத் தொடங்குவதாலோ வரும். வில்போல வளைந்த வெடிப்பும், அதற்கு நேர் கீழே அடிவாரத்தில் புடைப்பும் சேர்ந்து தெரிந்தால் சரிவு நகர்கிறது. கரைக்குக் குறுக்கே, நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போகும் வெடிப்பு எல்லாவற்றிலும் மோசம். நீர்மட்டம் அந்த உயரத்தைத் தொட்டால் அதுவே கால்வாய். எந்த வெடிப்பானாலும் இருபுறமும் ஆணியடித்த குச்சிகள் நட்டு, ஆணிக்கு ஆணி தூரத்தை அளந்து வையுங்கள். மழைநீர் இறங்காமல் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஆழம் பார்க்க, வெள்ளைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றிவிட்டுப் பக்கத்தில் குழி தோண்டினால் வெடிப்பு எதுவரை போகிறது என்று வெள்ளைக்கோடு காட்டும். இதைப் பொறியாளர் முன்னிலையில், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். மேலே மண்ணைக் கொட்டி மூடிவிட்டு "சரிசெய்யப்பட்டது" என்று எழுதுவது ஆதாரத்தை அழிப்பது.

சரிவு நகர்ந்தால் உச்சியில் பாரம் ஏற்றக்கூடாது. அடிவாரத்தில்தான் கல்லும் மண்ணும் வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். வெளிப்பக்கச் சரிவானால் நீர்மட்டத்தை இறக்குவதும் தேவை. ஆனால் வேகமாக இறக்கினால் நீர்ப்பக்கச் சரிவு நழுவும்; வெளியே தண்ணீர் போய்விட்டது, கரைக்குள் ஊறிய தண்ணீர் இன்னும் போகவில்லை. வடிவமைப்பாளர் வேறு அளவு சொல்லாதவரை நாளுக்கு சுமார் 30 செ.மீ. என்ற அளவுக்குள் நிற்பது வழக்கம். கரையே போகும் நிலை வந்தால் இந்த வரம்பு பொருந்தாது.

மரங்கள் விஷயத்தில் மனம் இளகக்கூடாது. கரையிலும் அடிவாரத்திலிருந்து ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கும் மரம் வளர விடக்கூடாது. கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டால், சில ஆண்டுகளில் வேர் மக்கி அந்த இடமெல்லாம் குழலாகிவிடும். வேரோடு எடுத்து, குழியை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். நீர்மட்டம் இறங்கிய பிறகே அதைச் செய்ய வேண்டும். எலி, நண்டு, கரையான் வளைகளுக்கு ஒன்பது பங்கு மண்ணும் ஒரு பங்கு சிமெண்டும் குழைத்த கூழை ஒரு குழாய் வழியே ஊற்றி, வளை முழுவதும் நிரம்பிய பிறகு மேலே மண்ணிட்டு இறுக்கினால் போதும்.

கல், கான்கிரீட் அணையானால் பார்க்க வேண்டியது அடித்தளத்தின் மேல்நோக்கிய அழுத்தம். அணைக்குள்ளே ஓடும் நடைபாதையான கேலரிக்குள் உள்ள வடிகால் துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைபடும். துளை வாரியாகக் கசிவை அளந்து, குறைந்தவற்றைத் துளைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஷட்டர்கள்

வெள்ளத்தன்று திறக்காத ஷட்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஸ்பெயினில் 1982 அக்டோபர் 20 அன்று டோஸ் அணையில் மின்சாரம் அறுந்தது; டீசல் ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை; ஷட்டர்களைத் தூக்க முடியாமல் நீர் மேலே வழிந்து அணை உடைந்தது. அமெரிக்காவின் ஃபால்சம் அணையில் 1995 ஜூலை 17 அன்று வில்போல வளைந்து அச்சில் சுழலும் ஒரு ஆரை ஷட்டரைத் தூக்கும்போது அதைத் தாங்கும் கை முறிந்தது. ஷட்டர் சுழலும் அச்சில் துரு ஏறி உராய்வு கூடியதே காரணம். விநாடிக்கு சுமார் 40,000 கன அடி கட்டுப்பாடில்லாமல் வெளியேறியது. துங்கபத்ரா அணையில் 2024 ஆகஸ்ட் 10 இரவு 19-ஆவது ஷட்டரின் சங்கிலி அறுந்து ஷட்டர் அடித்துச் செல்லப்பட்டது; பல நாள் தண்ணீர் போன பிறகே தடுப்புப் பலகைகளை இறக்கி அடைக்க முடிந்தது.

மூன்றிலிருந்தும் செய்ய வேண்டியது தெளிவு. ஒவ்வொரு ஷட்டரையும் மழைக்காலத்துக்கு முன் முன்புறத் தடுப்புப் பலகையை இறக்கிவிட்டு, முழு உயரத்துக்கும் தூக்கி இறக்குங்கள். சில சென்டிமீட்டர் மட்டும் தூக்கிப் பார்த்து முடித்துக்கொள்வது பலரிடம் பழக்கமாகிவிட்டது; வழித்தடம் மேலே வளைந்திருந்தால் அது தெரியவராது. தூக்கும்போது மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். அதே ஷட்டர், அதே நீர்மட்டம், போன ஆண்டைவிட ஆம்பியர் அதிகம் என்றால் எங்கோ உராய்வு கூடியிருக்கிறது. அச்சுகளில் கிரீஸ் எதிர்ப்பக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். பழைய கிரீஸ் இறுகிப்போய் வழி அடைந்திருந்தால் பம்ப் அடித்தும் உள்ளே போயிருக்காது. சங்கிலி, கம்பிவடம் ஆகியவற்றில் தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே மாறிமாறி நனையும் பகுதிதான் முதலில் அரிக்கும். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா ஓட்டாமல் ஷட்டர் மோட்டாரைச் சுமையாகக் கொடுத்து ஓட்டுங்கள். கையால் சுழற்றித் திறக்க எத்தனை ஆள், எத்தனை நிமிடம் என்பதும் உண்மையில் செய்து பார்த்து எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திறக்கும்போது ஓரத்து ஷட்டரை மட்டும் உயரத் தூக்கினால் கீழேயுள்ள நீர்த்தணிப்புத் தொட்டியில் சுழல் உண்டாகி, கல்லையும் கம்பியையும் உள்ளே இழுத்துத் தரையை அரைக்கும். நடுவிலிருந்து இருபுறமும் சமமாக, சிறு படிகளாகத் திறக்க வேண்டும். மூடும்போது அதே வரிசை தலைகீழாக.

உபரிநீர் ஓடும் கான்கிரீட் சரிவில் ஒரு சிறு விரிசலும் சிறியதல்ல. வேகமாக ஓடும் நீர் இணைப்பு வழியே கீழே புகுந்து பலகையை அடியிலிருந்து தூக்கும். கலிஃபோர்னியாவின் ஓரவில் அணையில் 2017 பிப்ரவரியில் அப்படித்தான் முதன்மைச் சரிவு பெயர்ந்தது; அவசர உபரிநீர்ப் போக்கியின் கீழே மண் அரித்து மேல்நோக்கி வர, சுமார் 1,88,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் இணைப்புகளையும், கீழேயுள்ள வடிகால்களையும், சுத்தியலால் தட்டினால் உள்ளீடற்ற ஓசை வரும் இடங்களையும் குறியுங்கள்.

வெள்ளக்கால நீர்க்கணக்கு

அணையை முழுதாக நிரப்பி வைக்க எல்லோருக்கும் ஆசை. பாசனம், குடிநீர், மின்சாரம் எல்லாம் அதையே கேட்கும். வெள்ளம் மட்டும் காலி இடம் கேட்கும். அதனால்தான் மாதவாரியாக உச்சமட்ட அட்டவணை வகுக்கிறார்கள்: பெருமழை வரக்கூடிய மாதங்களில் இன்ன மட்டத்துக்கு மேல் தேக்கக்கூடாது, பருவம் முடியும் தறுவாயில்தான் முழு மட்டம். இந்த அட்டவணையை மீறித் தேக்குவது கரையைப் பலவீனமாக்குவதற்கு ஒப்பு.

நீர்வரத்தை ஆற்றில் நேரடியாக அளக்க முடியாத இடத்தில் அணையிலிருந்தே கணக்கிடலாம். இரண்டு மணி நேரத்தில் கொள்ளளவு 20.00-லிருந்து 20.18 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) ஆனது என்று வைத்துக்கொள்வோம். கூடியது 18 கோடி கன அடி. 7,200 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 25,000 கன அடி. அப்போது 5,000 கன அடி திறந்துவிட்டுக்கொண்டிருந்தால் வரத்து 30,000 கன அடி. காற்றடித்து அலை எழும்போது மட்ட அளவு ஏறி இறங்கும். ஐந்து நிமிட இடைவெளியில் கணக்குப் போட்டால் வரத்து தாறுமாறாகக் காட்டும். அலை தணிக்கும் கிணற்றிலிருந்து மட்டம் எடுத்து, குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

முன்கூட்டித் திறப்பதற்கு இந்த அளவு கணக்கு போதும். நீர்ப்பிடிப்புப் பகுதி 500 சதுர கி.மீ., அடுத்த நாளில் 150 மி.மீ. மழை எதிர்பார்ப்பு, நிலம் ஏற்கெனவே நனைந்திருப்பதால் 60 விழுக்காடு ஓடி வரும் என்றால், வரப்போவது 4.5 கோடி கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 1.6 டி.எம்.சி. அணையில் காலி இடம் 0.7 டி.எம்.சி. மீதி 0.9 டி.எம்.சி. வெளியே போயாக வேண்டும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். ஆகவே இப்போதே தொடங்கினால் 24 மணி நேரத்துக்குச் சுமார் 10,400 கன அடி திறந்தால் சரியாகிவிடும். கீழே ஆறு கரை மீறாமல் 15,000 கன அடி தாங்கும் என்றால் யாருக்கும் சேதமில்லை. பன்னிரண்டு மணி நேரம் யோசித்துவிட்டுத் தொடங்கினால் அதே தண்ணீருக்கு 20,800 கன அடி தேவை; ஊருக்குள் நீர் புகும். திறக்கும் முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் கீழேயுள்ளவர்கள் கணக்கில்தான் ஏறுகிறது. மழை பொய்த்தால் தண்ணீர் வீணாகுமே என்ற தயக்கம் நியாயமானது. அதற்கு மருந்து, படிப்படியாகத் திறந்து ஆறு மணி நேரத்துக்கொருமுறை புதிய வானிலைக் கணிப்போடு மறுகணக்கு போடுவது.

ஒரே ஆற்றில் மேலும் கீழும் அணைகள் இருந்தால் மேலணையின் திறப்பே கீழணையின் வரத்து. மேலே திறந்த நீர் கீழே வந்துசேர எத்தனை மணி நேரம் என்பதைக் குறைந்த ஓட்டம், அதிக ஓட்டம் இரண்டுக்கும் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். பெருவெள்ளம் சிறு ஓட்டத்தைவிட விரைந்து வரும்.

இத்தனை கணக்கும் மட்டம்–கொள்ளளவு அட்டவணையை நம்பியே நிற்கிறது. வண்டல் படியப் படிய அந்த அட்டவணை பொய்யாகிக்கொண்டே போகும். காலி இடம் இருப்பதாக நினைக்கும் இடத்தில் சேறு இருக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டுக்கொருமுறை படகில் ஒலியலைக் கருவியால் ஆழம் அளந்து அட்டவணையைப் புதுப்பியுங்கள்.

கோடைக்கான பங்கீட்டில் வரிசை முக்கியம். இருக்கும் கொள்ளளவில் முதலில் எடுக்க முடியாத அடிநீரைக் கழியுங்கள். அடுத்து ஆவியாதல்: நாளுக்கு 5 மி.மீ. என்று கொண்டாலும் 20 சதுர கி.மீ. நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு ஒரு லட்சம் கனமீட்டரை இழக்கிறது. பிறகு அடுத்த வரத்துவரைக்கான குடிநீர், மழை தாமதமானால் என்று ஒரு மாதம் கூடுதலாகச் சேர்த்து. பிறகு ஆறு உயிரோடு இருக்கத் தேவையான ஓட்டம். எஞ்சியதே பாசனத்துக்கு, அதிலும் வாய்க்காலில் போகும் வழியில் இழப்பதைக் கழித்த பிறகு. இந்த எண்ணை விதைப்புக்கு முன்பே உழவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நடுப்பருவத்தில் சொல்வதால் பயிரும் போகும், தண்ணீரும் போயிருக்கும்.

கலங்கல் ஊற்று கண்டால்: முதல் ஒரு மணி நேரம்

அடிவாரத்தில் மண்ணைக் கக்கும் ஊற்று தோன்றினால் அதைக் களிமண்ணாலோ தார்ப்பாயாலோ அடைக்காதீர்கள். அடைத்தால் அழுத்தம் இன்னோர் இடத்தைப் பிளக்கும். தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். ஊற்றின் மேல் பருமணல் 15 முதல் 30 செ.மீ., அதன்மேல் சிறு சரளை அதே தடிமன், அதன்மேல் கல். மணலையே ஊற்று தூக்கியெறிந்தால் முதலில் சரளை அல்லது கல்லைப் போட்டு வேகத்தைத் தணித்துவிட்டு, பிறகு மணலில் தொடங்கி அடுக்கை மீண்டும் கட்டுங்கள். சமதளத்தில் கொப்பளிக்கும் ஊற்றானால் சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர் உயர்ந்து தெளிவாக வரும் உயரத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் வழியவிடுங்கள். அதற்கு மேல் உயர்த்த வேண்டாம்.

அதே நேரத்தில் இன்னொருவர் நீர்ப்பக்கத்தில் சுழல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாமவர் மதகைத் திறந்து மட்டத்தை இறக்கத் தொடங்க வேண்டும். நான்காமவர் தொலைபேசியில் இருக்க வேண்டும். சுழல் தெரிந்தாலோ, உச்சியில் பள்ளம் விழுந்தாலோ, கசிவு நிமிடத்துக்கு நிமிடம் பெருத்தாலோ, கரையில் யாரும் நிற்கக்கூடாது. டீட்டனில் போல இயந்திரத்தோடு ஓட்டைக்குள் இறங்குவது வேண்டாம். வெளியேற்ற அறிவிப்பு அந்த நொடியே போக வேண்டும், மேலதிகாரி வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அவசரத் திட்டத்தில், எந்த அடையாளம் தெரிந்தால் பணியிலிருப்பவரே அறிவிக்கலாம் என்று எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கான பருமணல், சரளை, கல், காலிச் சாக்குகள், விளக்குகள் எல்லாம் அணையின் அடிவாரத்துக்கு அருகே, வெள்ளத்தில் முழுகாத மேட்டில் குவித்திருக்க வேண்டும். அங்கே லாரி போகும் பாதை மழையிலும் புதையாததாக இருக்க வேண்டும். மணல் குவியலை வேறு வேலைக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டு நிரப்ப மறப்பது அடிக்கடி நடப்பது. மாதாந்தரப் பதிவில் அதன் அளவுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அறிவிப்புப் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்களை மூன்று மாதத்துக்கொருமுறை ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். ஒருமுறையேனும் இரவு இரண்டு மணிக்கு அழைத்து, யார் எடுக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள்.